மூடிய ஆலை நிலம் மனையாகிறதா? வாங்கும் முன், மண் அடிக்கும் முன் கடலூர் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் போனால் சிப்காட் ஆலைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பக்கம் உப்பனாறு, மறுபக்கம் ஊர்களும் வயல்களும். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம் என்று வரிசையாக விவசாயம் பார்த்த ஊர்கள். கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. நகரம் வளர வளர, சாலையோர நிலத்தின் விலையும் ஏறுகிறது. ஓடும் ஆலை ஒருநாள் மூடும். மூடிய ஆலையின் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகும். கொட்டகையை ஜேசிபி இடிக்கும். கடைசியில் மிஞ்சுவது நிலம் மட்டும்தான். அந்த நிலத்தை மனை போட்டு விற்பது உலகம் முழுக்க நடப்பதுதான்.

இதில் விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று வழிகளில் இது உங்களைத் தொடும். ஒன்று, பிள்ளைகளுக்கென்று நீங்களே அங்கு ஒரு மனை வாங்கலாம். இரண்டு, ஆலை இருந்த இடத்தில் தோண்டிய மண் டிப்பர் லாரியில் ஏறி, உங்கள் வீட்டுப் பள்ளத்தையோ களத்தையோ மேடாக்க வந்து சேரலாம். மூன்று, அந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர் மெல்ல நகர்ந்து உங்கள் போர்வெல்லுக்கு வரலாம். மூன்றிலும் பணம் உங்களுடையது, உடம்பும் உங்களுடையது. அதனால் ஆலை நிலம் எப்படிக் கெடுகிறது, எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்தில் என்ன தங்குகிறது?

ஆலைக் கழிவை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். எண்ணெய், சாயம், பூச்சிமருந்து மூலப்பொருள், கரைப்பான் போன்றவை ஒரு வகை. இவற்றில் சில காலப்போக்கில் நுண்ணுயிர்களால் சிதையும். சில பத்தாண்டுகள் ஆனாலும் சிதையாது. பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் இரண்டாவது வகை. இவை சிதைவதே இல்லை. மழை பெய்தால் கரைந்து இறங்கும், வெயிலில் தூசியாகப் பறக்கும், செடியில் ஏறும். இடம் மாறுமே தவிர மறையாது.

கடலூர் சிப்காட் பற்றி அரசே ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2009-ல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்குக் காற்று, நீர், நிலம் மூன்றையும் வைத்து மதிப்பெண் போட்டன. 70-க்கு மேல் போனால் மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்று பொருள். கடலூருக்குக் கிடைத்தது 77.45. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டை, மணலி, கோவை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறகு பல சீர்திருத்தங்கள் செய்ததாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் 2025 மே மாதம் குடிகாடு பகுதியில் ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, கழிவுநீர் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. காற்றில் கலந்தது காற்றோடு போகும். மண்ணில் இறங்கியது அங்கேயே கிடக்கும்.

மண் வள அட்டை இதைக் காட்டாது

பல விவசாயிகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'மண் பரிசோதனை செய்துவிட்டேன், மண் நன்றாக இருக்கிறது' என்று சொல்வார்கள். மண் வள அட்டையில் வருவது 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். இது பயிருக்கு உரம் போடச் சொல்லும் அட்டை. பாதரசமோ ஈயமோ காட்மியமோ இருக்கிறதா என்று இது சொல்லாது. சத்து எல்லாம் சரியாக உள்ள மண்ணிலும் விஷம் இருக்கலாம்.

மாதிரி எடுக்கும் முறையும் வேறு. உரப் பரிந்துரைக்கு வயலில் 10, 15 இடங்களில் மண் எடுத்து ஒன்றாகக் கலந்து அரை கிலோ அனுப்புவோம். விஷத்தைத் தேடும்போது அப்படிக் கலக்கக் கூடாது. ஆலைக் கழிவு பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். பத்து இடத்து நல்ல மண்ணோடு அதைக் கலந்தால் அளவு குறைந்து, எல்லாம் சரி என்று முடிவு வந்துவிடும். ஒவ்வோர் இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுத வேண்டும். மேல் மண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மேலே ஓரடி நல்ல செம்மண் பரப்பி மனை போட்டிருந்தால், கீழே இருப்பதைத் தோண்டித்தான் பார்க்க முடியும்.

நீர் எப்படி வருகிறது?

கடலூர்ப் பக்கம் மேற்கே கேப்பர் மலை, கிழக்கே கடல். நிலத்தடி நீர் பொதுவாக மேட்டிலிருந்து கடலை நோக்கி நகரும். கடற்கரைப் பக்க மண் மணற்பாங்கானது. களிமண் நிலத்தில் மெதுவாக இறங்கும் கழிவு, மணலில் சீக்கிரம் இறங்கிவிடும். ஓட்டத்தின் போக்கில் ஆலைக்குக் கீழே இருக்கும் கிணறுகளுக்குத்தான் முதலில் ஆபத்து. ஆனால் நீர் எப்போதும் ஒரே திசையில் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. நீங்கள் போர்வெல்லில் அதிகமாக நீர் எடுத்தால், சுற்றிலும் உள்ள நீர் உங்கள் குழாயை நோக்கித் திரும்பும். பக்கத்தில் கெட்ட நீர் இருந்தால் அதையும் சேர்த்தே இழுக்கும்.

நீர் உப்புக் கரித்தால் கடல்நீர் ஏறிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். கடல்நீராகவும் இருக்கலாம், ஆலைக் கழிவாகவும் இருக்கலாம். உப்பின் அளவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. கன உலோகத்துக்குத் தனியாகச் சோதனை செய்ய வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் வைத்திருக்கும் வரம்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, மொத்தக் குரோமியம் 0.05. இதற்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் உலோகம் போகாது. நீர் ஆவியாவதால் அளவு கூடத்தான் செய்யும்.

எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

முதலில் ஆய்வு. அந்த இடத்தில் எந்த ஆலை, எத்தனை வருடம், என்ன தயாரித்தது, கழிவை எங்கே விட்டது என்ற வரலாற்றை எடுப்பார்கள். பிறகு இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பல ஆழங்களில் மண்ணும் நீரும் எடுத்துச் சோதிப்பார்கள். இந்த வரைபடம் இல்லாமல் சுத்தம் செய்தோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது எந்த முறை என்ற முடிவு. நடைமுறையில் இருப்பவை இவை:

* தோண்டி அகற்றுவது: கெட்ட மண்ணை எடுத்து, அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்ட பாதுகாப்பான கிடங்கில் புதைப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இப்படி ஒரு கிடங்கு உள்ளது. நிலம் சுத்தமாகும், ஆனால் விஷம் வேறோர் இடத்துக்குப் போகிறது. லாரியில் போகும் மண் கிடங்குக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்பதே முக்கியக் கேள்வி.

* மண்ணைக் கழுவுவது: விஷம் பெரும்பாலும் நுண்ணிய களி, வண்டல் துகளில்தான் ஒட்டும். நீரில் அலசி மணலையும் சரளையையும் பிரித்தால், கெட்ட பாகம் சிறிதாகிவிடும். 2012 ஒலிம்பிக் போட்டிக்காகக் கிழக்கு லண்டனில் பழைய ஆலைப் பகுதியை மீட்டபோது, மண்ணை அங்கேயே கழுவி அங்கேயே பயன்படுத்தினார்கள்.

* சூடாக்குவது: பாதரசம், கரைப்பான் போன்றவை சூட்டில் ஆவியாகும். மூடிய கலனில் மண்ணைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். செலவு அதிகம். இப்படிச் சூடான மண்ணில் உயிர்ச்சத்து மிஞ்சாது.

* கட்டிப்போடுவது: சிமென்ட், சுண்ணாம்பு அல்லது வேறு ரசாயனம் கலந்து விஷம் கரையாதபடி செய்வது. நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை, இரும்பு சல்பேட் கலந்து நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றுவதும் இந்த வகைதான். விஷம் அங்கேயே இருக்கும், அதனால் காலமெல்லாம் கண்காணிக்க வேண்டும்.

* மூடி வைப்பது: மேலே விரிப்பும் நல்ல மண்ணும் போட்டு மூடுவது. செலவு குறைவு. ஆனால் அங்கே கிணறு தோண்டக் கூடாது, ஆழமாக அஸ்திவாரம் எடுக்கக் கூடாது, வேர் ஆழமாகப் போகும் மரம் வைக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் விற்றால் மூடி வைத்ததற்குப் பயனே இல்லை.

* நீரை இறைத்துச் சுத்திகரிப்பது: கெட்ட நிலத்தடி நீரை இறைத்து, சுத்தம் செய்து விடுவது. இது மாதக் கணக்கில் முடிகிற வேலை இல்லை, பல வருடங்கள் எடுக்கும்.

வெட்டிவேர் வைத்தால் போதுமா?

கடலூர்க் கடற்கரை ஊர்களில் வெட்டிவேர் நமக்குப் பழக்கமான பயிர். கன உலோகம் உள்ள மண்ணிலும் அது தாக்குப்பிடித்து வளரும், உலோகத்தை இழுத்துப் பெரும்பாலும் வேரில் வைத்துக்கொள்ளும். கடுகு, சூரியகாந்தி ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. மண்ணரிப்பைத் தடுக்கவும் தூசி பறக்காமல் இருக்கவும் இவை நல்லவை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வெட்டிவேரில் நாம் விற்பதே வேரைத்தான். கெட்ட மண்ணில் வளர்த்தால் விஷம் சேருவதும் அந்த வேரில்தான். சுத்தம் செய்ய வைத்த பயிரை விற்கக் கூடாது, மாட்டுக்குப் போடக் கூடாது, மக்கவைத்து உரமாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் விஷம் திரும்பி வரும். தவிர, செடி வேர் போகும் ஆழம் வரைதான் வேலை செய்யும், அதுவும் பல வருடம் ஆகும். லேசாகக் கெட்ட நிலத்துக்கு இது உதவும், கழிவு கொட்டிய குழிக்கு உதவாது.

'சுத்தம்' என்றால் எந்த அளவுக்கு?

மண்ணை முழுக்கப் பழையபடி ஆக்குவது அநேகமாக நடக்காது. ஓர் அளவு வைத்து, அதற்குக் கீழே கொண்டுவந்தால் சுத்தம் என்பார்கள். அந்த அளவு யாருக்காக வைத்தது என்பதுதான் கேள்வி. மீண்டும் ஆலை கட்ட ஓர் அளவு, குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டுக்கு அதைவிடக் குறைந்த அளவு வைப்பார்கள். சாப்பிடும் பயிர் விளைகிற நிலத்துக்குச் செடியில் ஏறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொடைக்கானல் இதற்குப் பாடம். அங்கே தெர்மாமீட்டர் தயாரித்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலை நிலத்து மண் அங்கேயே கிடந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் விடலாம் என்று அளவு வைத்தார்கள். இயற்கையான மண்ணில் பொதுவாக 1 மில்லிகிராமுக்கும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். சுற்றிலும் சோலைக்காடு உள்ள இடத்துக்கு இது போதாது என்று உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். மூடிய பிறகும் மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடே 2016-ல்தான் வந்தது.

ராணிப்பேட்டை இன்னொரு பாடம். தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995-ல் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் மஞ்சள் நீர் வடிந்தது. மூடியவுடன் அகற்றியிருந்தால் அகற்ற வேண்டியது கழிவு மட்டும்தான். தாமதித்ததால் கழிவோடு அடி மண்ணையும் நிலத்தடி நீரையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியதாகிவிட்டது.

ஒரு டாலர் நிலம்

மலிவாக வரும் நிலத்துக்கு உலகம் மறக்காத கதை அமெரிக்காவின் லவ் கெனால். நயாகரா நகரில் ஒரு ரசாயன நிறுவனம் பழைய வாய்க்கால் ஒன்றில் சுமார் 20 ஆயிரம் டன் கழிவைப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடியது. 1953-ல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கீழே கழிவு இருக்கிறது என்று பத்திரத்திலும் எழுதியிருந்தது. அப்படியும் அங்கே பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. மழை அதிகமான வருடங்களில் கழிவு மேலே வந்து வீட்டு நிலவறைகளில் கசிந்தது. 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். அதன் பிறகுதான் கெட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய அந்த நாட்டில் 1980-ல் தனிச் சட்டம் வந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

கெடுத்தவரே செலவு செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் 1996 முதல் உறுதியான சட்டக் கொள்கை. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயனக் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கிலும், வேலூர் தோல் ஆலைகள் வழக்கிலும் அந்த ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. வேலூர் வழக்கால் நிலம் கெட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையமே அமைந்தது.

மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. இதன்படி, மாசுபட்டதாகச் சந்தேகப்படும் இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தானாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ பட்டியலிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வும், தேவைப்பட்டால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டறிந்து அவரிடமே செலவைப் பெற வேண்டும். அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். சுரங்கப் பகுதி, குப்பைக்கிடங்கு, கதிரியக்கக் கழிவு ஆகியவை இந்த விதிக்குள் வராது. உங்கள் புகாருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மனை வாங்கும் முன்: வில்லங்கச் சான்றை 30 வருடத்தோடு நிறுத்தாமல் அதற்கு முன்னும் எடுத்துப் பாருங்கள். அந்தச் சர்வே எண்ணில் நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், அந்த ஆலை என்ன தயாரித்தது, மூடும்போது கழிவு அகற்றப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதால் மண்ணைச் சோதித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

2. ஊர்ப் பெரியவர்களிடம்: கழிவு எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள், எந்தக் குட்டையைத் தூர்த்தார்கள் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காகிதத்தில் இல்லாத தகவல் அது.

3. மண் அடிக்கும் முன்: டிப்பர் மண் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். ஆலை இடித்த இடத்து மண், நிறம் மாறிய மண், மருந்து அல்லது எண்ணெய் வாடை வரும் மண், கட்டிடக் கழிவு கலந்த மண் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கொட்டிய பிறகு அள்ளுவது உங்கள் செலவு.

4. நீர் சோதனை: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மாதிரி எடுங்கள். உலோகச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலைப் பயன்படுத்துங்கள். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை என வருடத்தில் இரண்டு தடவை பாருங்கள். 'கன உலோகம் பார்க்க வேண்டும்' என்று ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் ஆகியவற்றில் எங்கே எந்தச் சோதனை செய்ய முடியும் என்று விசாரியுங்கள்.

5. பயிர்: சந்தேகம் தீரும் வரை கீரை, முள்ளங்கி போன்றவற்றை அந்த இடத்தில் தவிர்க்கவும். இலையிலும் கிழங்கிலும் ஏறுகிற அளவுக்குக் காயிலும் பழத்திலும் உலோகம் ஏறுவதில்லை. சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்று சோதனைக்கு முன் போட வேண்டாம். காட்மியம், ஈயம் கரைவதை அது குறைக்கும், ஆர்சனிக் இருந்தால் எதிர்மாறாகவும் போகலாம்.

6. புகார்: தனி ஆளாக வாயால் சொல்வதைவிட, சோதனை முடிவோடு எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைகேட்புக் கூட்டம் இரண்டிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் சூழல் பிரச்சினைக்கு 6 மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கு 5 வருடத்துக்குள்ளும் மனு போட வேண்டும். சென்னையில் அதன் தென்மண்டல அமர்வு உள்ளது.

7. சுத்தம் செய்துவிட்டோம் என்று சொன்னால்: மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அளவுக்குச் சுத்தம் செய்தீர்கள்? அந்த அளவு ஆலைக்கா, வீட்டுக்கா, விவசாயத்துக்கா? எடுத்த மண் எங்கே போனது? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் நம்பலாம்.

பக்கத்து நிலம் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் நம் நிலத்து விலையும் இறங்குமே என்று பலர் சோதனைக்கே தயங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் இழப்பீடு கேட்பதற்கும், குடிநீர் கேட்பதற்கும், கெடுத்தவரைச் சுத்தம் செய்யச் சொல்வதற்கும் கையில் இருக்க வேண்டியது அந்தச் சோதனைத் தாள்தான். இந்தக் கோடையில் உங்கள் கிணற்று நீரிலிருந்து தொடங்குங்கள். இன்று எடுக்கும் அளவு, பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை கையில் சாட்சியாக இருக்கும்.